ஏழடிக் கோடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அலுவலகக் கடிதம் நேற்று வந்தது. "மதிப்பிற்குரிய மதகுப் பொறுப்பாளர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்து, அடியில் உன் கையெழுத்து. என் பேனாவைத் திருடிவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்தவன், இன்று என்னை 'அவர்கள்' என்று எழுதியதைப் பார்த்து உன் அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "மூணு வருஷமா ஒரு கடுதாசி இல்ல. வந்ததும் மெமோவா வருது பாரு!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏரியில் ஏழடிக் கோட்டுக்கு ஒன்றரை அடி கீழே ஏன் நீரை நிறுத்தினேன் என்று கேட்டிருக்கிறாய். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் மேல்வாய்க்காலைத் திறந்து கோடு வரை நிரப்ப வேண்டும் என்று உத்தரவும் போட்டிருக்கிறாய். விளக்கத்தை முறைப்படி இரண்டு பக்கத்தில் தனியாக அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் கோப்பில் வைப்பதற்கல்ல. தொலைபேசியில் சொல்லலாம்தான், நீ எடுத்தால்தானே! எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்பாய்.

இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி. டாக்டரிடம் போகச் சொன்னால் காது கேட்காதவர்போல் நடந்துவிடுகிறார். பெரியவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். சின்னவள், மாமா எப்போது வருவார் என்று கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி ஏரிக்கு வருகிறேன். இந்த ஏரியின் நீர்மட்டத் திட்டத்தை நீ எழுதிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நெடுங்கால் உள்ளான் பறவைகள் ஏரி நடுவே உள்ள மண்திட்டுகளில் தரையிலேயே முட்டையிடும். சுற்றிலும் ஏழடி நீர் நின்றால் நாய் நரி எதுவும் நடந்து போக முடியாது. கோடைக்கும் தண்ணீர் மிஞ்சும். இதெல்லாம் நீ கண்டுபிடித்துச் சொன்னதுதான். மார்பளவு நீரில் நின்று அளவுக்கம்பத்தில் சிவப்புக் கோட்டை நீயே வரைந்தாய். அப்போது மழை இரண்டு மாதம் நிதானமாகப் பெய்யும். ஒன்பது வருடம் அந்தக் கோடு பறவைகளைக் காப்பாற்றியது. நல்ல கோடுதான்டா அது.

இப்போது மழை அப்படி வருவதில்லை. நாள்கணக்கில் ஏமாற்றிவிட்டு ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மூன்று வருடத்துக்கு முன்னும் அப்படித்தான். காலையில் பதிவேட்டில் 'கோட்டில் உள்ளது' என்று எழுதிவிட்டு வெளியே வந்தேன். மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. உன்னைக் கூப்பிட்டு மதகைத் திறக்கட்டுமா என்று கேட்டேன். "கோட்டைத் தாண்டலையேக்கா. இப்ப திறந்தா கோடைக்குத் தண்ணி பத்தாது" என்றாய். திட்டத்தில் எழுதியிருந்ததும் அதுதான். மழை பிடித்தபின் மதகுச் சக்கரத்தைச் சுற்றினேன். வெளியே போகிற தண்ணீரைவிட உள்ளே வருகிற தண்ணீர் அதிகம். மாலைக்குள் ஒரு திட்டும் கண்ணில் தெரியவில்லை. முந்நூறுக்கு மேல் கூடுகள். மறுநாள் நீ வந்து கரையில் நின்றாய். வீட்டுக்குள்கூட வராமல் போனாய். அதற்குப் பிறகு வரவேயில்லை.

அடுத்த இரண்டு வருடமும் பாதிக்கு மேல் மூழ்கின. அதனால்தான் இந்த வருடம் துணிந்தேன். ஐந்தரை அடியில் நிறுத்தப் போகிறேன் என்றதும், இங்கே பறவை கணக்கெடுக்கும் ஆராய்ச்சிப் பெண் பதறிவிட்டாள். கல்யாண வீட்டுக்கும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவதால் அவளுக்கு அதுவே பெயர். "தண்ணி குறைஞ்சா நாய் நடந்தே போயிடும்க்கா!" என்றாள். நியாயமான பேச்சு. அதனால் கோடையிலேயே கரைக்கும் திட்டுகளுக்கும் நடுவே ஆழமாக ஓர் அகழி வெட்டினோம். அள்ளிய மண்ணைத் திட்டுகளின் மேல் போட்டு இரண்டடி உயர்த்தினோம். சரக அதிகாரி வாயால் சரி என்றார். எழுத்தில் கேட்டால் அவசரமாக எங்கோ போக வேண்டும் என்றார். உனக்குத் தெரியாததா?

பறவைகள் வந்தன. வந்து, நாங்கள் மாய்ந்து மாய்ந்து உயர்த்திய திட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மண் வழவழவென்று இருப்பதுதான் காரணமாக இருக்கும் என்று பைனாகுலர் சொன்னாள். படகில் சரளைக்கல் கொண்டுபோய்க் கொட்டினோம். மறுநாள் காலை ஒரு ஜோடி இறங்கியது. அந்த வாரத்திலேயே இருநூற்றுப் பதினான்கு கூடுகள்.

போன செவ்வாய்க்கிழமை அதே மாதிரி மழை. குடை என்ன குடை, தொப்பலாக நனைந்து அளவுக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆறு, ஆறரை, ஏழு. உன் கோடு மூழ்கியது. ஏழரையில் நின்றதடா! திட்டுகள் தலைதூக்கி நின்றன. ஓரத்தில் தாழ்வாகக் கட்டிய ஒன்பது கூடுகள் போய்விட்டன, பொய் சொல்ல மாட்டேன். மற்றவையெல்லாம் அப்படியே இருந்தன. கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாதிக் கூடுகளில் குஞ்சு பொரித்துவிட்டது. மீதியில் இன்னும் அடைகாக்கின்றன. நீரை மறுபடி ஐந்தரைக்கு இறக்கிவிட்டேன். அடுத்த மழை பத்து நாளில் என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை நான் சக்கரத்தைத் தொட மாட்டேன். எனக்கு மாற்றல் போட்டால் போடட்டும். ஆனால் என் இடத்துக்கு வருகிறவர் உத்தரவைப் படித்துவிட்டு நிரப்பிவிடுவார். அந்தப் பயம்தான் எனக்கு.

வியாழக்கிழமை திட்டக்குழு கூடுகிறது. நான் கத்தினால் யார் கேட்பார்கள்? எழுதியவன் நீ சொன்னால் கேட்பார்கள். ஒரே அளவை என்றைக்குமாக எழுதிவைக்க வேண்டாம், மழை போகிற போக்கைப் பார்த்து வருடாவருடம் தீர்மானிக்கலாம் என்று சொல். அந்தந்த நாள் வானத்தைப் பார்த்துத் திறக்கும் உரிமை மதகில் நிற்பவருக்கு இருக்கட்டும் என்று சொல். அவ்வளவுதான்.

நீ ஏன் வாய் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கோட்டை மாற்றச் சொன்னால், 'அந்தக் கூடுகளை நான்தான் அழித்தேன்' என்று ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும் என்று நினைக்கிறாய். அட பைத்தியமே! நீ கோடு போட்டது அன்றைய மழைக்கு. அந்த மழை போய்விட்டது. அதற்கு நீ என்ன செய்வாய்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறக்காதே என்றது நீதான். ஆனால் வானத்தைப் பார்த்தது நான். சக்கரம் என் கையில் இருந்தது. உன்னைக் கேட்காமலே திறந்திருக்கலாம். பயந்துகொண்டு உன்னைக் கேட்டேன். நீ சொன்னதும், அப்பாடா, இனி என் பொறுப்பில்லை என்று இருந்துவிட்டேன். மூன்று வருடமாக இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழி முழுவதையும் நீயே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அக்காவை மன்னித்துவிடு.

குழுவில் குரல் நடுங்கினால் நடுங்கட்டும், பேசி முடிக்காமல் உட்காராதே. கூட்டம் முடிந்ததும் அங்கிருந்தே பேருந்து ஏறு. பொரித்த குஞ்சுகள் பறக்க இன்னும் மூன்று வாரமாவது ஆகும். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்க மாட்டோம், சின்னவள் உட்பட. நீ நன்றாக இருக்க வேண்டும், மனசு லேசாகி இருக்க வேண்டும். வாசலில் நின்று யோசிக்காதே, நேரே உள்ளே வா.

அக்கா