இனி நெய் வேண்டாம் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு, மலர்க்கொடி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? இளமாறன் 'அம்மா எங்கே' என்று அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறானா?

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் ஊருக்கு வரும் பிரபு அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். என் மாதவிடாய் வலிக்குப் பெயர் எண்டோமெட்ரியோசிஸாம், கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே வளர்கிறதாம், நாலாவது ஸ்டேஜ். புற்றுநோய் இல்லை, பயந்துவிடாதீர்கள்.

சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கென்று என் மலத்தைக் கேட்டார்கள். டப்பாவோடு கிளம்பினேன். "என்னடி, டாக்டருக்கு டிபனா?" என்றாள் கூடத் தங்கியிருக்கும் கூத்தாநல்லூர் நஸீமா. சிரித்துவிட்டேன்.

ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் குடலில் இருக்கும் பாக்டீரியா மாறுகிறதாம். "அத மாத்துனா எனக்குச் சரியாயிடுமா டாக்டர்?" என்றேன். "எதனால மாறுதுன்னே இன்னும் தெரியலம்மா" என்றார் அந்தத் தமிழ் டாக்டர். தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். ஒரு ஸ்பூன் நெய் என்றேன். இரண்டாவது பிள்ளைக்காக நீங்கள் அனுப்பும் திருக்கருகாவூர்க் கோயில் நெய் என்று சொல்ல வாய் வரவில்லை.

கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டுமாம். இனி நெய் அனுப்பாதீர்கள். ஆபரேஷன் முடிந்து போர்த்திக்கொள்ள உங்கள் பழைய நூல்புடவை ஒன்று அனுப்புங்கள். மாமியாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் என்ன சொன்னாலும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அண்ணன் வாசலில் நிற்கிறார்.

உங்கள் மலர்