நீ போடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்

மச்சான்,

உன் கிளவுஸ் ஒரு வாரமாக என் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றுகிறது. ஏறுகிறவர்கள் அதை நகர்த்தி வைத்துவிட்டு உட்காருகிறார்கள். நேற்று ஒரு அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இன்னாப்பா இது, பழைய செருப்புக்கு எண்ணெய் தடவி வச்சிக்கினு கீற?" என்று கேட்டது. "செருப்பு இல்லம்மா, எங்க சொந்தக்காரரு. மேடவாக்கம் வரைக்கும் கூட வர்றாரு" என்றேன். அந்த அம்மா ஓரமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

தேங்காய் எண்ணெய், தோல், உன் வியர்வை. மூன்றும் கலந்த அந்த வாசனை கொஞ்சமும் மாறவில்லை. தோல் வெடிக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதற்கு எண்ணெய் தேய்ப்பாய். "உன் தலைக்குத் தேய்க்காத எண்ணெயை இதுக்குத் தேய்க்கிறியே" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

போன வாரம், உன் காரியம் முடிந்த கையோடு, உன் வீட்டம்மா தாம்பரம் ஸ்டாண்டுக்கே தேடி வந்து கொடுத்தது. "அவன்கிட்ட குடுத்துடுன்னு ஆஸ்பத்திரில சொன்னாருண்ணா. வேற ஒண்ணும் சொல்லல" என்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ரெண்டு பேரும் எப்டி இருந்தீங்க! ஏண்ணா வர்றதையே நிறுத்திட்டீங்க?" என்று கேட்டது.

"உங்க வூட்டுக் காதுகுத்துல எனக்குப் போட்ட அப்பளம் நமுத்துப் போச்சும்மா. அந்தக் கோவம்தான்" என்றேன். அழுதுகொண்டிருந்தது சிரித்துவிட்டது. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன். ஆறாம் கிளாஸோடு நின்ற எழுத்து இது. தப்பு இருந்தால் திருத்திக்கொள். என் அப்ளிகேஷன் பாரமெல்லாம் எப்போதும் நீதானே எழுதிக் கொடுப்பாய்.

தண்டவாளத்தை ஒட்டிய கிரவுண்டில் கிரிக்கெட் ஆடினோமே, எந்த டீமும் என்னைப் பந்து போட விடாது. கை மடங்குகிறதாம். நம்ம பக்கத்தில் அதற்குப் பேர் மாங்கா. மரத்தில் மாங்காய் அடிக்கக் கல் எறிகிறவன் மாதிரி வீசுகிறேனாம். ஓடிவந்து கையைத் தூக்கியதுமே நாலு பக்கமும் "மாங்கா! மாங்கா!" என்று கத்துவார்கள். ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற நீ மட்டும், "டேய், இது மாங்கா இல்லடா, பலாக்கா. எவனுக்காச்சும் தைரியம் இருந்தா இங்க வந்து புடிச்சிப் பாரு" என்று அவர்களைத் திட்டினாய்.

அப்புறம்தான் ஸ்கூல் பி.டி. சார் ஒருத்தர் பேஸ்பால் டீம் சேர்க்கிறார் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். கிரிக்கெட்டில் தப்பென்று விரட்டிய கையை அங்கே உட்காரவைத்து உபசாரம் பண்ணினார்கள். கையை மடக்கி, பந்து தரையில் குத்தாமல், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக எறிய வேண்டும். எறிகிறவன் பிச்சர், அதாவது நான். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிடிக்கிறவன் கேச்சர், அதாவது நீ. தொடைக்கு நடுவில் ஒரு விரல் காட்டினால் நேர் பந்து. இரண்டு விரல் காட்டினால் டிராப், நேராக வருகிற மாதிரி வந்து கடைசியில் கீழே இறங்கும். முதல் நாள் பயத்தில் எறியாமல் பந்தை உருட்டிக்கொண்டே நின்றேன். நீ முகமூடியைத் தூக்கிவிட்டு, "நீ போடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாய். அதற்குப் பிறகு நாலு வருஷம் நான் எதையுமே யோசிக்கவில்லை.

சேலம், திருச்சி என்று ரயிலில் கக்கூஸ் பக்கம் குந்திக்கொண்டு போய் ஆடினோம். என் பந்தை விட உன் வாய்க்குத்தான் பயந்தார்கள். மட்டைக்காரன் வந்து நின்றதும் காதருகே ஆரம்பித்துவிடுவாய். "அண்ணே, ஷூ லேஸ் அவுந்துகீது." "இவன் போன வாரம் ஒருத்தன சாய்ச்சிட்டான்ணே, ஆரஞ்சு வாங்கினு போய்ப் பாத்தோம்." அவன் குனிந்து ஷூவைப் பார்ப்பதற்குள் பந்து உன் கையில் இருக்கும். எனக்கு அவ்வளவு தூரத்தில் ஒன்றும் கேட்காது. உன் உதடு அசைவது மட்டும் தெரியும். அதைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டே எறிவேன்.

அப்போதுதான் மறைமலை நகர் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். ஆடுவதற்காகவே வேலை. அங்கிருந்து வந்தவர் தெளிவாகச் சொன்னார். "ஒரு இடம்தான் இருக்கு. எங்க டீமோட ஒரு மேட்ச் ஆடுங்க. பாத்துட்டு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர எடுக்கிறோம். படிப்பெல்லாம் கேக்க மாட்டோம்." கடைசி வார்த்தை எனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. நீ பத்தாவது பாஸ், எங்காவது ஒட்டிக்கொள்வாய். எனக்கு வாழ்க்கையில் திறந்த கதவு அது ஒன்றுதான். பஸ்ஸில் திரும்பும்போது நீயே என் முதுகில் தட்டி, "உனக்குத்தான்டா. பிச்சர் இல்லாம டீம் ஏது?" என்றாய்.

அந்த மேட்சில் முதல் ஆள் வந்து நின்றான். நீ அவன் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாய். அவன் சிரித்தான். ஆரம்பிச்சிட்டான்டா என்று நானும் சிரித்தேன். ஒரு விரல் காட்டினாய். என் கையிலிருந்து பந்து கிளம்புவதற்கு முன்பே அவன் காலை எடுத்து வைத்துவிட்டான். பந்து கம்பெனி மதிலைத் தாண்டிப் போனது. அடுத்தது இரண்டு விரல். அது இறங்குகிற வரை பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி பொறுமையாக நின்று அடித்தான். அடுத்தவன் வந்தான், உன் உதடு அசைந்தது, அவனும் அடித்தான். எல்லாரும் அடித்தார்கள். கடைசிவரைக்கும் நான் உன் வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் எறிந்தேன் மச்சான்.

உன்னை எடுத்துக்கொண்டார்கள். டீக்கடையில் என் தோளைப் பிடித்துவிட்டபடி, "இன்னிக்கு உன் நாள் இல்லடா. தோள் தளந்துட்ச்சி போல கீது. கொஞ்ச நாள் ரெஸ்ட் குடு" என்றாய். நான் நம்பினேன். வைத்தியரிடம் போய், ஒன்றுமே ஆகாத தோளுக்கு மூன்று மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தேன். கட்டு பிரித்த பிறகும் பந்தை எடுத்தால் கை கூசியது. பி.டி. சார் இரண்டு தரம் ஆள் அனுப்பினார், நான் போகவில்லை. என் ஆட்டம் அதோடு சரி. மணல் லாரியில் ஏறினேன், பிறகு ஆட்டோ.

இரண்டு வருஷம் கழித்து ஒருத்தர் சவாரிக்கு ஏறினார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "நீ அந்த பிச்சர் இல்ல?" என்றார். மதிலைத் தாண்டி அடித்தவரே அவர்தான்.

"செம ஸ்பீடுப்பா நீ. உன் கேச்சர் மட்டும் ஒவ்வொரு பந்துக்கும் நேரா, டிராப்பான்னு சொல்லலைன்னா எங்களுக்கு ஒண்ணுகூட மாட்டியிருக்காது."

"அவன் வாய் சும்மாவே இருக்காது சார்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது உள்ளே இறங்கியது. வண்டியை ஓரம் கட்டினேன்.

"அட, உனக்குத் தெரியாதா? இந்த வேலை வேணாம், தோத்துப் போற மாதிரி பண்ணுங்கன்னு நீதான் கேட்டுகினன்னு சொன்னானே!"

அடுத்த மாதம் உன் பெண்ணுக்குக் காதுகுத்து. வந்தேன். வாசலில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்தை நான் வாங்கிக்கொண்டேன். நீ சந்தோஷமாக மட்டை பிடித்த பிள்ளைக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாய். பழக்கத்தில் ஒரு விரலும் காட்டினாய். நான் எறியவில்லை. அந்தப் பொடியனிடம் நடந்து போய், காதருகே குனிந்து, உனக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். "நேரா வருதுடா கண்ணு. தைரியமா அடி."

உன் விரல் அப்படியே நின்றது. எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல், "சாப்புட வா" என்றாய். சாப்பிட்டேன். அப்பளம் நமுத்துத்தான் போயிருந்தது. பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் வரவில்லை. ஏன்டா வரலை என்று நீயும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பேன். இத்தனை வருஷம் வயிற்றிலேயே கிடந்திருக்காது. எனக்கு வேணும்டா என்று அந்த பஸ்ஸில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாப் பந்தையும் நானே வெளியே போட்டிருப்பேன். வேலை போகட்டும் மச்சான். நல்லாயிருந்த கையைக் கெட்டுப்போனது என்று என்னையே நம்பவைத்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

கிளவுஸைப் போட்டுப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு குழி இருக்கிறது. நாலு வருஷம் என் பந்து விழுந்து விழுந்து ஆன குழி. தோல் ஒரு இடத்தில்கூட வெடிக்கவில்லை. கடைசிவரைக்கும் எண்ணெய் தேய்த்திருக்கிறாய். இதைத்தான் மன்னிப்பு என்று அனுப்பினாயா? நல்ல ஆள்டா நீ. அதையும் உன் வாயால் சொல்லாமல் போய்விட்டாய். கடாசவும் மனசு வரவில்லை, வீட்டுக்குள் வைக்கவும் மனசு வரவில்லை. ஊர் சுற்றட்டும்.

ஸ்டாண்டில் இன்றைக்கும் நான்தான் எல்லாரையும் ஓட்டுகிறவன். என்னைச் சுற்றி எப்போதும் சிரிப்புதான். ஆனால் இரண்டு பேர் தலையை ஒட்டி வைத்துப் பேசிச் சிரித்தால் என் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அவர்கள் உதட்டைப் பார்ப்பேன். அன்றைக்கு உன் வீட்டம்மா, "அவன்கிட்ட குடுத்துடுன்னு சொன்னாரு" என்று அழுதுகொண்டே சொன்னபோதும், நான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை மச்சான். உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.