மூடியே இருந்த ரெண்டாவது கருவி

அக். 6, திங்கள்
விடிஞ்சதிலிருந்து தூறல். கல்வராயன் மலை மேகத்துல காணோம். பரவாயில்ல, என் சூரியன் செயற்கைக்கோள் வழியா லேப்டாப்புக்கு வருது, எந்த நிறத்துல எவ்ளோ ஒளின்னு தனித்தனியா.
நாலு வருஷ உழைப்பு. ரிசல்ட்: சூரியனோட புற ஊதா கொஞ்சம் கொஞ்சமா குறையுது. வெள்ளிக்கிழமை என் கைடு மேடம் கட்டுரையை அனுப்புறாங்க. அது வெளிவந்துட்டா பிஎச்.டி. முடிஞ்ச மாதிரி.
செய்ய: படம் 3. அத்தாவுக்கு பி.பி. மாத்திரை. குடை ரிப்பேர்.

அக். 7, செவ்வாய்
நல்ல வெயில். மேடம் போன். "வெயில் பட்டுப் பட்டு கருவியே மங்கியிருந்தா?"
"செயற்கைக்கோள்ல ரெண்டு கருவி மேடம். ஒண்ணு தினம் பாக்குது. இன்னொண்ணு மூடியே இருக்கும், எப்பவாச்சும் திறந்து ஒப்பிட. மங்கினதைக் கழிச்சுட்டேன்."
கொஞ்சம் திமிராவே சொன்னேன்.

அக். 8, புதன்
அத்தாவோட துணிக்கடையில ஒத்தாசை. வடக்கனந்தல்காரம்மா ஒருத்தங்க, ஷோகேஸ் சுடிதார் துணி வெளுத்துப்போச்சுன்னாங்க. அத்தா டிராயர்ல வெச்சிருக்கிற சாம்பிளை எடுத்தார், அதே ரோல்ல வெட்டினது. "ரெண்டும் ஒண்ணுதானேம்மா? இன்னா வெளுத்துச்சு?"
அவங்க சாம்பிளைத் தூக்கிக்கினு வாசலுக்குப் போனாங்க. எல்லாரும் அப்படித்தான், ட்யூப்லைட்டை யாரும் நம்பறதில்ல. "இதுவுந்தாங்க வெளுத்திருக்கு. வர்றவங்கல்லாம் வெயில்ல காட்டினா?"
அத்தா ரோலோட உள்மடிப்பைப் பிரிச்சார். அடர் பச்சை. சாம்பிள் அதுல பாதி கூட இல்ல.
என் ரெண்டாவது கருவி ஞாபகம் வந்துச்சு. மூடியே இருந்துச்சுன்னு சொன்னேனே, அதைத் திறந்த பதிவைப் பாத்தேனா?

அக். 9, வியாழன்
பாத்தேன். முதல் வருஷம் சோதனைக்குன்னு ரெண்டாவதை நிறைய தடவை திறந்திருக்காங்க. யாரும் மறைக்கல. பதிவுலயே இருக்கு. நான்தான் அது மங்கவே இல்லன்னு வெச்சுக் கணக்குப் போட்டுட்டேன்.
திருத்தினேன். சரிவு போச்சு. கிடைக்கோடு. மூணு தடவை போட்டேன், அதேதான்.
அழுகை. அத்தா எட்டிப் பாத்தார். "இன்னாம்மா?"
"சூரியன் குறையலத்தா."
"நல்லதுதானே. அதுக்கா அழுதுக்கினு இருக்கே?"
மத்தியானச் சோறு இறங்கல. சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது. அதுவும் தோணுச்சு.

அக். 10, வெள்ளி
ஏழு மணிக்கே மெயில் போட்டுட்டேன். யோசிச்சா போட மாட்டேன்.
பத்து மணிக்கு மேடம் போன். திட்டல. "கட்டுரையை நிறுத்திட்டேன். இன்னும் ஒரு வருஷம் ஆகும், பரவாயில்லையா?"
ஆகட்டும் மேடம்னேன். 
"எப்படிக் கண்டுபிடிச்சே?"
கடையில நடந்ததைச் சொன்னேன்.
"அந்தம்மா பேரு கேட்டு வெச்சியா? நன்றியுரையில போடணும்."
கேக்கல. அவங்க துணியும் வாங்கல.