வக்கீலாத்து மாமியின் குதிரை

15-7-1972, சனி இரவு

மாதர் சங்கத்துக்கு ஆள் சேர்க்க இன்று எங்கள் கூடத்தில் குதிரைப் பந்தயம் வைத்தேன். கோலமாவில் பாதை, அட்டையில் குதிரைகள், உருட்டத் தாயக்கட்டை. ஆள் சேர்ந்தால்தான் கார்ப்பரேஷன் பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க முடியும்.

பழக்கதோஷத்தில், தாயம் விழுந்தால்தான் குதிரை கிளம்பலாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாருடையதும் ஓடியது. வக்கீலாத்து மாமியின் குதிரை மட்டும் நகரவே இல்லை. மாமி சேர்ந்தால்தான் தெருவே சேரும். "விதியை மாத்திடட்டுமா மாமி?" என்றேன்.

"எனக்காகவா? கூடாதுடிம்மா. இந்தச் சண்டியை நானே ஆத்துக்கு எடுத்துண்டு போறேன். அடுத்த மாசம் எங்காத்துல ஓட்டிக் காட்டறேன், எல்லாரும் வாங்கோ."

"அப்போ சங்கத்துல..."

"சேராம எப்படிடி கூப்பிடறது?"

கூடமே சிரித்தது. காபி ஆறுவதற்குள் அத்தனை பேரும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

பால் காய்ச்சப் பெரிய அண்டா வேண்டும். என் குழந்தை வேறு உள்ளே பாட்டியிடம் அழுதுகொண்டே இருந்தானாம். இனி அடிக்கடி வெளியே போனால் அவன்... சரி, அதை நாளைக்கு யோசிக்கலாம். திங்களன்று நானே பள்ளிக்குப் போய்ச் சொல்வேன், பால் வருகிறதென்று.