மூன்று வரி மீதம் இருந்தபோது

வடக்கு வெளியில் கரும்புத் தோகையைக் கொளுத்தியிருக்கிறார்கள். புகை ஜன்னல் வழியே நோட்டின் மேல் வந்து உட்காருகிறது. அந்த வாசனை வந்தால் நீயும் வந்துவிடுகிறாய். யாருக்காவது ஒரு கடிதம் எழுதிவரும்படி முதியோர் வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுதக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஒரு வரி முடிவதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம். ஆகட்டும். நீ இருக்கும் இடத்துக்கு அவசரத் தபால் கிடையாது.

உனக்குப் படிக்கத் தெரியாது. எழுதிவிட்டேன். அது நம் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸின் பலகையைப் பார்க்காமல் கண்டக்டரிடம் "கடலூரா?" என்று கேட்டாயே, அன்றே கண்டுபிடித்தேன். ஆனால் கரும்பு வெட்டும் எங்கள் பத்துப் பேருக்கும் நீதான் படித்தவன். டென்ட் கொட்டாயில் கொலைப்படம் வந்தால் மணலில் உன்னைச் சுற்றி உட்காருவோம். கொலைப்படம் என்றால் நடுவில் ஒரு கடிதம் வரும், திரை முழுக்க எழுத்தாக. அதற்கு நீ வேண்டும்.

நீ கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாய். "இந்த வூட்டுக்குள்ளதான் இருக்கான். பேரு போடல" என்பாய். எங்களுக்கு முதுகு சில்லிட்டுவிடும். மறுநாள் கரும்புக் கொல்லையில் படம் முழுவதையும் மறுபடி நடத்துவாய். கொடுவாளைச் சவரக்கத்திபோல் பிடித்து, கழுத்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பீடி பற்ற வைப்பாய்.

"வெட்டித் தொலையேன்டா" என்போம்.

"வெட்டிட்டா அப்புறம் இன்னா இருக்குது? கத்தி எங்க இருக்குதுன்னு நமக்குத் தெரியணும். அவளுக்குத் தெரியக் கூடாது. அவ தலை வாரிக்கினே பாடணும். அதான்டா படம்."

மேஸ்திரிக்கு உன்னைப் பிடிக்காது. அவன் மூன்றாவது வரை படித்தவன். ஆட்கள் அவன் பேச்சைவிட உன் பேச்சைக் கேட்கிறார்கள் என்ற ஆத்திரம் அவனுக்கு. அந்த மாதம்தான் ஒருத்தனைத் தோகையில் தள்ளி மிதித்து விலாவை உடைத்திருந்தான். பங்களாக் கொலைப்படம் பார்த்த மறுநாள், பாகூர் கொல்லைக்கு அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தோடு வந்தான்.

"அந்தக் கடுதாசியில 'தம்பி'ன்னு எழுதியிருந்துச்சி. எழுத்துக் கூட்டிப் பாத்தேன். நீ அதைச் சொல்லவே இல்ல. இதுல கதை போட்டிருக்குது, படி. தப்பா படிச்சா, எந்த வெரலை வெச்சிப் படிக்கிறியோ அந்த வெரலு எனக்கு."

உன்னைக் கரும்புக் கட்டின் முன்னால் மண்டிபோட வைத்தான். புத்தகம் கட்டின் மேல் இருந்தது. அவன் கொடுவாள் உன் விரலுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

நீ பக்கம் புரட்டினாய். பாட்டு என்றால் வரி குட்டையாக இருக்கும், கதை என்றால் பக்கம் முழுக்க எறும்பு. அதை வைத்துத்தான் கண்டுபிடித்ததாகப் பிறகு சொன்னாய். முதல் வரியில் விரலை வைத்தாய். பங்களா வந்தது, தங்கச்சி வந்தாள், தோட்டக்காரன் குடல் சரிந்து கிடந்தான். விரல் வரிவரியாக இறங்கியது. நான் விரலை மட்டும் பார்த்தேன். கதை கொலைகாரனிடம் வந்துவிட்டது. விரலுக்குக் கீழே இன்னும் மூன்று வரி மீதம் இருந்தது.

நீ மழை பெய்ய வைத்தாய். படத்தில் மழையே கிடையாது. ஒரு நாய் குரைத்தது. விளக்கு அணைந்தது. திரைச்சீலை அசைந்தது. விரல் கடைசி வரிக்கு வந்தது.

"ம். கொலகாரன் பேரு இன்னா? அதையும் படி" என்று மேஸ்திரி சிரித்தான்.

பெயர் அங்கே எல்லோருக்கும் தெரியும். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். நீ புத்தகத்தை மூடினாய். கொட்டாய் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கிறவன் கூவுவானே, அதே ராகத்தில் சொன்னாய்: "மீதியை வெள்ளித்திரையில் காண்க."

மேஸ்திரி புத்தகத்தைப் பிடுங்கினான். மேலே இருப்பதைப் படிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. கடைசி வரியை மட்டும் எழுத்துக் கூட்டினான். அதேதான் இருந்தது. பெயரைச் சொல்லியிருந்தால் விரல் போயிருக்கும். தோற்ற ஆத்திரத்தில் கொடுவாளைத் திருப்பி, அதன் முதுகால் உன் வாயில் அடித்தான். இரண்டு பல் தோகையில் விழுந்தன. விரல் பத்தும் இருந்தன.

வாய்க்காலில் நீ ரத்தத்தைக் கொப்பளிக்கும்போது கேட்டேன், "அதுல பேரு இருக்காதுன்னு எப்படிடா தெரியும்?"

"தெரியாது. கதை சொல்றவன் எவனாவது பேரைச் சொல்லுவானாடா, முட்டாளு?" பல் போன சந்தில் காற்று விசிலடித்தது. இருவரும் சிரித்தோம்.

இப்போது வகுப்பு முடிந்ததும் நான்தான் மற்றவர்களுக்குத் துப்பறியும் கதை வாசிக்கிறேன். நேற்று கடைசிப் பக்கம். கொலைகாரன் பெயரை என் கண்ணாலேயே படித்தேன். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். உறுவையாறு ஊரிலிருந்து வகுப்புக்கு வரும் ஒரு அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டாள். "பேரைச் சொல்றியா, மண்டையப் பொளக்கட்டுமா?" அது நாக்கு நுனியில் குதிக்கிறது. தெரிந்த பெயரை வாய்க்குள்ளேயே வைத்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. நீ கத்திக்குக் கீழே அதைச் செய்தாய்.

வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவருக்கு இருமல் அதிகம். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பேரைக் கேக்காம நான் போவ மாட்டேன்பா."

"அப்படின்னா சொல்லவே மாட்டேன்" என்றேன்.