கல்மரமும் கார்ச் சாவியும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் கணுக்காலும் சுகம், வீக்கம் வற்றிப் பழைய செருப்பே போட முடிகிறது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துவிடுவாய், உன் தம்பி குறுக்கே பேசுவான், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் சொல்லித்தான் நீ கேட்க வேண்டும், அவன் முந்திக்கொள்வதற்குள்.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையை மூடியதிலிருந்து நாங்கள் இருவரும் கல் பொறுக்கப் போவது உனக்குத் தெரியும், ஆனால் எப்படிப் பொறுக்குகிறோம் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. மழை விட்ட மறுநாள் போக வேண்டும், அப்போதுதான் மண் கழுவிப் போய்க் கல் முகம் காட்டும். புதிதாக வெட்டிய சாலையோர மேடுதான் எங்களுக்கு நகைக்கடை. நான் காரை ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டுவேன், அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வருவார், அவர் ‘ம்’ என்றால் நிறுத்த வேண்டும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற குப்பியால் கல்லை நனைப்பேன். காய்ந்த கல் ஒன்றும் சொல்லாது, நனைந்தால்தான் கோடும் நிறமும் வெளியே வரும். அப்புறம் அப்பா கடைப் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு ‘இருக்கலாம்’ என்பார். அந்த மனுஷன் வாயிலிருந்து ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை வாங்க முடியாது. வரிக்கல், பளிங்கு, கூழாங்கல் என்று பால்கனியே நிறைந்துவிட்டது, ஆனால் நாங்கள் ஏங்கியது கல்மரத்துக்குத்தான். எந்தக் காலத்திலோ விழுந்து புதைந்த மரம், பட்டையும் வளையமுமாக அப்படியே கல்லாகிப் போனது.

அந்த ஆசைதான் போன மாதம் எங்கள் மானத்தை வாங்கியது. வாய்க்கால் ஓரம் சாய்ந்து கிடந்த ஒன்றில் பட்டை, கணு எல்லாம் தெரிந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. இருவரும் பிடித்து இழுத்தோம், நான் சறுக்கி வாய்க்காலுக்குள் போனேன், கணுக்கால் பிசகியது. எழுந்து பார்த்தால் மறுமுனையில் இரும்புக்கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏதோ பூங்கா வேலிக்கு மரம் மாதிரி அச்சில் வார்த்த சிமெண்ட் தூண். உனக்குச் சிரிப்பு, உன் தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம். காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க விபத்துப் படமாகப் பார்க்கிறவன், அவன் கண்ணுக்கு நாங்கள்தான் அடுத்த படம். வயசான காலத்துல ரோட்டோரமா உங்களுக்கு என்ன வேலை, இனிமே வண்டியத் தொடக்கூடாது என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நீயும் போனில், அவன் சொல்றதும் சரிதாம்மா என்றாய். பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பாதி ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள் நான், ஒரு பிள்ளைக்கும் முழங்கால் சிராய்த்ததில்லை. என் வண்டி கீழே நிற்கிறது, நான் மேலே ஜன்னலில் நின்று அதைப் பார்க்கிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன், அழுதேன்.

மலைப்பக்கச் சாலையை அகலப்படுத்த மேட்டை வெட்டுகிறார்கள் என்று போன வாரம் காதில் விழுந்தது, சனிக்கிழமை மழையும் பெய்தது. சாவியைக் கொடு என்று ஒற்றைக்காலில் நின்றேன். அதெல்லாம் முடியாது, நானே ஓட்டறேன், பாத்துட்டு உடனே திரும்பணும் என்றான். அவன் ஓட்டிய வேகத்தில் கல் எங்கே தெரியும், சாலையே தெரியவில்லை. அப்பா ‘ம்’ என்றார், வண்டி போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை ‘ம்’ என்றார். நான் பின்னாலிருந்து, டேய், நிறுத்துடா என்றேன். அந்தக் குரலுக்கு மொத்த வேனும் அடங்கும், அவனும் அடங்கினான்.

திரும்பி நடந்தோம். மேட்டின் அடியில் சேற்றுக்குள் ஒரு பெரிய பூசணிக்காய்ப் பருமனுக்கு ஒரு துண்டு. தண்ணீர் அடித்தேன். அடிக்க அடிக்க ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் கிளம்புகிறது, நடுவில் தேன் நிறத்தில் ஒரு பொட்டு. கன்னத்தை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. பட்டது போதும் என்று சுற்றிலும் கம்பி இருக்கிறதா என்று தடவினேன், இல்லை. அப்பா மண்டி போட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், கடைசியில் நிமிர்ந்து ‘ஆமாம்’ என்றார். நீ பிறந்தபோது பெண்ணா என்று கேட்டவர்களுக்கே தலையை மட்டும் ஆட்டிய மனுஷன். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தள்ளி நின்று மணி பார்த்துக்கொண்டிருந்த உன் தம்பி மெல்லப் பக்கத்தில் வந்தான், விரலில் எச்சில் தொட்டு வளையத்தின் மேல் தேய்த்தான், இது எந்தக் காலத்து மரம்மா என்றான். சின்னப் பிள்ளையில் அவன் கேட்ட மாதிரியே இருந்தது. சாலை வேலை மேற்பார்வையாளரிடம் நானே போய்க் கேட்டேன், நாளைக்குக் குழியில தள்ளி மூடறதுதான், எடுத்துட்டுப் போங்கம்மா என்றார்.

தூக்கி வந்த பிறகுதான் பார்த்தோம், ஓரத்தில் ஒரு விரிசல். டிக்கியில் போட்டால் உருண்டு இரண்டாகிவிடும், யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் முழங்கால் தாங்காது. நான் பிடிச்சுக்கறேன் என்று அவனே பின் சீட்டில் ஏறிக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டான், சட்டை முழுக்கச் சேறு. அதற்கப்புறம்தான் மூன்று பேரும் ஓட்டுகிற இருக்கையைப் பார்த்தோம். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. அவனுக்கு இரண்டு கையும் கல்லில் இருக்கிறது, சாவி சட்டைப் பையில் இருக்கிறது. சட்டைப் பையை என் பக்கம் சாய்த்து, எடுத்துக்கோம்மா என்றான். எடுத்துக்கொண்டேன். வழி நெடுக, பள்ளம்மா, பாத்து, மெதுவா என்று வந்தவன், பாதி தூரத்தில், அம்மா நிறுத்து, அங்க ஏதோ வெள்ளையாத் தெரியுது என்கிறான்.

கல் இப்போது உன் பழைய படிப்பு மேசை மேல் இருக்கிறது, அப்பா அதன் பக்கத்திலேயே இருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் ஒற்றுமையாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் எல்லாம் கைகூட வேண்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அன்றைக்குக் கிளம்பும்போது உன் தம்பி வாசலில் நின்று என் கையையே பார்த்தான். நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்த மழை எப்பம்மா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். சாவியை அவனே கேட்கவில்லை, நீயும் கேட்காதே கண்ணு.

இப்படிக்கு,
வண்டியும் கையுமாக,
உன் அம்மா