சரக்கேற்றிய பிறகு அளந்து பார்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் கடல் காற்றில் காதைத் திறந்துபோட்டுக்கொண்டு திரியாமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, கண்ணாடிக் கடையில் ஃபிரேம் மாட்டும்போது லென்ஸ் விளிம்பு விரலைக் கிழித்துவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறேன், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். பரீட்சையை நன்றாக எழுதியிருக்கிறாளாம். அப்பாவுக்கு வேலை மாலை நேரத்துக்கு மாறியிருக்கிறது, காலையில் வீட்டிலிருந்து சமையலறைக் குழாயைப் பழுது பார்க்கிறேன் என்று முன்னைவிட அதிகமாக ஒழுக வைத்திருக்கிறார். மாமா ஊன்றுகோலோடு வாசல் வரை வந்து போகிறான், ஆனால் சாலையில் பெரிய வண்டி இரைந்தால் இன்னமும் தலையைக் குனிந்துகொள்கிறான்.

போனில் சொல்லியிருக்கலாம், கோபத்தில் பாதியை விட்டுவிடுவேன் என்றுதான் எழுத வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்குப் போதுமையா வந்திருந்தார். எதிரே இருப்பது எவ்வளவு தூரம் என்று படகுக்குச் சொல்லும் கேமராப் பிரிவில் என்னோடு வேலை பார்த்த அதே ஆள்தான், ஓர் அளவு எடுத்ததுமே 'போதும்யா, விடு' என்பாரே, அதனால் நாங்கள் வைத்த பெயர். நான் 'அவன்' என்றுதான் சொல்கிறேன், உன் தங்கை பள்ளிக்கூட மரியாதையில் 'அவர்' என்று எழுதுகிறாள், நீ மாற்றிப் படித்துக்கொள். கை நிறையப் பழம், வாய் நிறையத் தங்கச்சி. இப்போது சொந்தக் கம்பெனி வைத்திருக்கிறாராம், அவர் கேமரா பொருத்திய முதல் சரக்குப் படகு உங்கள் துறைமுகத்துக்குச் சோதனைக்கு வருகிறதாம், சோதிக்கப்போவது நீ என்று தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். அது தேறினால் மற்ற படகுகளும் அவர் கைக்குப் போகும்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் கிடந்து அரிக்கிறது. நான் விடுப்பில் இருந்த நாளில் அவர் காலிப் படகில் டேப் பிடித்து, தண்ணீரிலிருந்து கேமரா எவ்வளவு உயரம் என்று அளந்து அதையே கேமராவின் கணக்கில் ஏற்றிவிட்டார். திரும்பி வந்ததும் சரக்கு ஏற்றிய பிறகு இன்னொரு தடவை அளக்கலாம் என்றேன், போதும் என்றார். முன்தளம் நிறையச் சரக்கு ஏறியதும் படகு அமிழ்ந்தது, மூக்கும் குனிந்தது, கேமராவுக்கு அது எப்படித் தெரியும், பழைய உயரத்தையே நம்பிக்கொண்டு எதிரே இருப்பதெல்லாம் எட்டி இருக்கிறது என்றது. அப்படி எட்டி இருப்பதாகச் சொன்ன சின்னப் படகில்தான் உன் மாமா அடிப்பலகை சுரண்டிவிட்டு உட்கார்ந்திருந்தான். சரக்குப் படகு மோதியதில் அவன் கால் போனது. விசாரணையில் அளந்தது நான் என்று கூசாமல் சொன்னார், என் வேலையும் போனது.

அந்த வாயால்தான் நம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, 'பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க தங்கச்சி, பொண்ணுக்கு ரெண்டு வரி எழுதிப் போடுங்க' என்றார். நான் ஒன்றும் தெரியாதவள் போல, உயரத்தை எப்போது அளந்தீர்கள் என்று கேட்டேன். படகு கட்டின இடத்திலேயே, சரக்கு ஏறும் முன்பே முடித்துவிட்டாராம், சரக்கோடு அளப்பது சோதனை செய்பவர் விருப்பம்தானே என்று சிரித்தார். பட்டும் திருந்தவில்லை பார். அப்போது உள்ளறையிலிருந்து மாமா, 'எழுதுக்கா. நல்லா நீட்டி எழுது' என்றான். போதுமையாவின் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் அப்படியே நின்றது. 'எழுதறேண்ணே' என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன், எழுதுகிறேன்.

முதலில் எனக்கு வந்த யோசனை வேறு. கேமராவைத் தாங்கும் திருகாணியை நீ கொஞ்சம் தளர்த்திவிட்டால் அவர் பெயர் ஒரேயடியாகக் கவிழ்ந்துவிடும் என்று ராத்திரியெல்லாம் நினைத்து இனித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் படகுக்கு எதிரே அவர் வரப்போவதில்லை, நம் மாமா மாதிரி யாரோதான் வருவார்கள். அதனால் அவருக்கு அதைவிடப் பெரிய கெடுதல் செய். ஒன்று விடாமல் சரியாக அளந்து பார். முதலில் உன் மேலதிகாரியிடம் நம் வீட்டுக் கதையை மறைக்காமல் சொல்லிவிடு, அவர் வேறு ஆளிடம் கொடுத்தால் அந்த ஆளிடம் இந்தக் கடிதத்தைக் கொடு, உன்னையே பார்க்கச் சொன்னால் பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொள், பெண் பழிவாங்கிவிட்டாள் என்று சொல்லப் போதுமையாவுக்கு ஊசிமுனை இடம்கூட வைக்காதே. கேமராவைச் சரிபார்க்கும் கட்டம் போட்ட பலகையை அவர் ஈரச் சுவரில் சாய்த்து வைப்பார், அதன்மேல் இரும்பு அளவுகோலை நிறுத்திப் பார், அடியில் வெளிச்சம் தெரிந்தால் பலகை வளைந்திருக்கிறது, தள்ளிவிடு. லென்ஸில் உப்புப் படிந்திருந்தால் துடைக்கச் சொல், துடைப்பவர் ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் பார்த்துக்கொள். பிறகு எண்ணெய்த் தொட்டியை நிரப்பச் சொல், முன்தளத்தில் முழுச் சரக்கையும் ஏற்றச் சொல், அதற்குப் பிறகு நீ அளந்து வைத்த தூரத்தில் மிதவையைப் போட்டு, கேமரா சொல்லும் தூரம் உண்மையா என்று பார். பொய் சொல்லுமே, அதை அவர் காதுபட உரக்கப் படி.

வெறும் வயிற்றோடு படகில் ஏறாதே, வாந்தி மாத்திரையைப் பையில் வைத்துக்கொள். சம்பளத்தை எல்லாம் இங்கே அனுப்பிவிடாமல் நல்லதாக ஒரு மழைச்சட்டை வாங்கிக்கொள். உன் கை அளப்பதெல்லாம் நேராக வரட்டும், நீ நீண்ட நாள் சுகமாக இரு, மாமாவும் இதையே சொல்லச் சொன்னான். ஒன்றை மட்டும் மறக்காதே, முதல் அளவு முடிந்ததும் அவர் பல்லைக் காட்டிக்கொண்டு 'போதும்மா' என்பார். மரியாதையாக, சிரித்த முகத்தோடு, 'இன்னும் ஒண்ணு பாத்துடலாம்' என்று சொல். நான் அன்றைக்குச் சொன்னது அதுதான்.

உன் அம்மா
(எழுதியவள் உன் தங்கை. பழத்தை யாரும் தொடவில்லை.)